மேனேஜரை நீக்கினால் அணி தேறிவிடுமா?

நேயர்களுக்கு வணக்கம். வார இறுதியில் இங்கிலாந்துக் கால்பந்துப் போட்டியான பிரீமியர் லீக் பார்க்கிற வீடுகளில் இந்தப் பேச்சு அடிக்கடி வரும். அணி தொடர்ந்து ஐந்து ஆட்டம் தோற்றால் போதும், "முதலில் மேனேஜரைத் தூக்குங்கள்" என்று ஆரம்பித்துவிடுவோம். மேனேஜர் என்றால் அங்கே அணியின் தலைமைப் பயிற்சியாளர். தூக்கினால் அணி தேறுகிறதா?

பர்ன்லி அணியைப் பாருங்கள். 2012 அக்டோபரிலிருந்து ஷான் டைச்தான் அங்கே மேனேஜர். 2022 ஏப்ரல் 15 அன்று, எட்டே ஆட்டம் மிச்சமிருக்கும்போது அவரை நீக்கினார்கள். அதுவரை 30 ஆட்டத்தில் 24 புள்ளி, பட்டியலில் 18ஆம் இடம். கடைசி மூன்று அணிகள் கீழ்ப் பிரிவுக்கு இறங்கியாக வேண்டும். அதில் இதுவும் ஒன்று.

இளையோர் அணியைப் பார்த்துக்கொண்டிருந்த மைக் ஜாக்சன் தற்காலிகமாகப் பொறுப்பேற்றார். வெஸ்ட் ஹாமுடன் டிரா. பிறகு சவுத்தாம்ப்டன், வுல்வ்ஸ், வாட்ஃபோர்டு என்று வரிசையாக மூன்று வெற்றி. நாலு ஆட்டத்தில் 10 புள்ளி! அந்த வாரம் யாரைக் கேட்டிருந்தாலும் நீக்கியது சரி என்றுதான் சொல்லியிருப்பார்கள். அடுத்த நாலு ஆட்டம் என்ன ஆயிற்று? ஆஸ்டன் வில்லாவிடம் தோல்வி, டாட்டன்ஹாமிடம் தோல்வி, வில்லாவுடன் மறுபடி மோதி டிரா, கடைசி நாள் சொந்த மைதானத்தில் நியூகாசிலிடம் 2-1 தோல்வி. ஒரே ஒரு புள்ளி. 35 புள்ளியோடு பர்ன்லி இறங்கிவிட்டது.

அந்த மூன்று வெற்றியில் ஒன்று வாட்ஃபோர்டிடம் என்றேன் அல்லவா? அதே சீசனில் வாட்ஃபோர்டு சிஸ்கோ முன்யோஸை நீக்கி ரனியேரியைக் கொண்டுவந்தது, ரனியேரியை நீக்கி ராய் ஹாட்ஜ்சனைக் கொண்டுவந்தது. மூன்று மேனேஜர், 19ஆம் இடம். ஆகவே புது மேனேஜர் வென்றார் என்றால், யாரை வென்றார் என்றும் கேளுங்கள்.

இதைத் திரும்பத் திரும்பச் சொல்லத்தான் வேண்டியிருக்கிறது. காய்ச்சல் தானாக இறங்குகிற நாளுக்கு முந்தின நாள் கொடுத்த மருந்துக்குத்தான் பெயர் கிடைக்கும். மேனேஜரை நீக்குவதும் அணி அடிமட்டத்தில் கிடக்கும்போதுதான். அங்கிருந்து பெரும்பாலும் மேலேதான் வரும். நெதர்லாந்துப் பொருளாதார அறிஞர் பாஸ் டெர் வேல், தம் நாட்டு லீக்கின் 1986 முதல் 2004 வரையான ஆட்டங்களை வைத்து இதைச் சோதித்தார். மேனேஜரை நீக்கிய அணிகளை, அதே அளவு சரிந்தும் நீக்காமல் இருந்த அணிகளோடு ஒப்பிட்டார். நீக்காத அணிகளும் அதே மாதிரி தேறியிருந்தன.

அப்படியானால் நிர்வாகம் எதைப் பார்க்க வேண்டும்? கோலை மட்டும் எண்ணாமல், கோல் வாய்ப்புகளை எண்ண வேண்டும். ஒவ்வொரு ஷாட்டுக்கும் அது கோலாக எவ்வளவு சாத்தியம் என்று இப்போது மதிப்புப் போடுகிறார்கள். பெனால்டி என்றால் ஏறத்தாழ முக்கால் கோல், தொலைவிலிருந்து அடிப்பதற்கு மிகக் குறைவு. பத்துப் பன்னிரண்டு ஆட்டம் சேர்த்துப் பாருங்கள். எதிரணியைவிட நல்ல வாய்ப்புகள் கிடைத்தும் தோற்றிருந்தால் பொறுத்திருக்கலாம். வாய்ப்பே உருவாகவில்லை, காயத்தில் இருந்தவர்கள் திரும்பி வந்தும் உருவாகவில்லை என்றால் கோளாறு ஆட்டமுறையில்தான்.

பிறகு பணம். மான்செஸ்டர் யுனைடெட் 2024 ஜூலையில் எரிக் டென் ஹாக்கின் ஒப்பந்தத்தை நீட்டித்தது. அக்டோபர் 28 அன்று அவரையே நீக்கியது. அவருக்கும் உதவியாளர்களுக்குமாக 1 கோடியே 4 லட்சம் பவுண்டு செலவு. அன்றைக்கு அணி 14ஆம் இடம். சீசன் முடிந்தபோது 15ஆம் இடம்.

நேரம் முடியப் போகிறது என்று சைகை காட்டுகிறார்கள். நீக்கியது பலித்த கதையும் உண்டு, அதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2021 ஜனவரி 25 அன்று செல்சி லாம்பார்டை நீக்கியது. மறுநாளே டூகல் வந்தார். மே மாதம் ஐரோப்பிய கிளப் அணிகளுக்கான சாம்பியன்ஸ் லீக் கோப்பை. அடுத்தவர் யார் என்று முடிவாகியிருந்தது, வீரர்களும் தரமானவர்கள். உங்கள் அணிக்கு இந்த இரண்டும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அப்புறம் கேளுங்கள், மேனேஜரை நீக்கலாமா என்று. நன்றி, வணக்கம்.