"எரியுதாம்மா?" – கீமோ அறையில் நர்ஸ் ஏன் இதையே கேட்கிறார்?

[காட்சி: சாய்வு நாற்காலி. ஸ்டாண்டில் சலைன். நீட்டிய ஒரு கை.]

புற்றுநோய்க்குக் கீமோ போட்டு வந்தவர்களிடம் பேசிப் பாருங்கள். மருந்தின் பெயர் பலருக்கு நினைவிருக்காது. "அந்த சிஸ்டர் ஒரே குத்துல நரம்பைப் பிடிச்சிடுவாங்க" என்பது மட்டும் மறக்காது. டாக்டர் வந்து பார்ப்பது சில நிமிடம். மற்ற நேரமெல்லாம் நர்ஸோடுதான். அதுவும் நாலாவது, ஐந்தாவது தடவையில் நரம்பு கிடைப்பதே பெரும்பாடு. மருந்து ஓடி ஓடிச் சிலருக்கு நரம்பு கறுத்துக் கயிறு மாதிரி இறுகிவிடும்.

[காட்சி: கவுன், கையுறையுடன் நர்ஸ். சிரிஞ்சில் சிவப்பு மருந்து.]

முதல் தடவை வருபவர் மிரளும் இடம் இது. "தொடுறதுக்கே இவ்வளவு உறையா? இதையா எனக்குள்ள ஏத்தப் போறீங்க?" நியாயமான கேள்வி. உங்களுக்கு இது கணக்குப் போட்டுக் கொடுக்கும் சில தவணை. நர்ஸுக்கோ வருடக்கணக்கில் தினசரி வேலை. நோயே இல்லாத அவர் உடம்பில் இது துளிகூடப் படக் கூடாது. இதைச் சொல்ல அரை நிமிடம் போதும். சொல்லாமல் விட்டால் நோயாளிக்கு ஒரு ராத்திரித் தூக்கமே போய்விடும்.

சிவப்பு மருந்தின் பெயர் டாக்ஸோரூபிசின். மார்பகப் புற்றுநோய்க்கு அதிகம் தருவது. நரம்புக்குள் ஓடும்வரை சரி. வெளியே கசிந்தால் சதையைப் புண்ணாக்கிவிடும். அதனால்தான் நர்ஸ் பக்கத்திலேயே உட்கார்ந்து மெதுவாக ஏற்றுகிறார். இடையிடையே சிரிஞ்சைப் பின்னுக்கு இழுத்து ரத்தம் வருகிறதா என்று பார்க்கிறார். "எரியுதாம்மா?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

நம் ஆட்கள் என்ன செய்கிறார்கள்? "கீமோன்னா வலிக்கத்தானே செய்யும், சிஸ்டரை ஏன் தொந்தரவு பண்ணணும்" என்று பல்லைக் கடித்துக்கொள்கிறார்கள். பொறுமை நல்ல குணம்தான். இந்த நாற்காலியில் மட்டும் வேண்டாம். லேசாக எரிந்தாலும் சொன்னால், நர்ஸ் மருந்தை அங்கேயே நிறுத்திவிடுவார். ஊசியை உருவாமல், அதன் வழியாகவே முடிந்தவரை மருந்தை உறிஞ்சி எடுப்பார். ஐஸ் ஒத்தடம் வைப்பார். டாக்டரைக் கூப்பிடுவார்.

[காட்சி: வீடு. மேஜைமேல் தெர்மாமீட்டர்.]

அப்புறம், கிளம்பும்போது இரண்டு விஷயம் கேட்டுக்கொள்ளுங்கள். ஒன்று, இந்த மருந்துக்குப் பிறகு ஓரிரு நாள் சிறுநீர் சிவப்பாகப் போகலாம். அது மருந்தின் நிறம். இன்னொன்று காய்ச்சல். கீமோ போட்ட 7 முதல் 14 நாளுக்குள், கிருமியை எதிர்க்கும் வெள்ளை அணுக்கள் பெரும்பாலும் அடிமட்டத்துக்குப் போகும். தெர்மாமீட்டர் 100.4 காட்டினால் மாத்திரை போட்டுக் காலைவரை காத்திருக்காதீர்கள். ராத்திரி 2 மணியானாலும் வார்டுக்குப் போன் போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.