தினம் 20 நிமிடம், வாய்விட்டு

(திருப்பூரில் ஆசிரியர், பெற்றோர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

விழாத் தலைவர், தலைமையாசிரியர் அம்மா அவர்களே, சொன்ன நேரத்துக்கு முன்பே வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மாமன்ற உறுப்பினர் ஐயா அவர்களே, வட்டாரக் கல்வி அலுவலர் ஐயா அவர்களே, பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவி அவர்களே, பந்தலும் ஒலிபெருக்கியும் கொடுத்துதவிய பனியன் கம்பெனி உரிமையாளர் பெருமக்களே, ஒன்றரை ஷிப்டை ஒரு ஷிப்டோடு முடித்துக்கொண்டு ஓடி வந்திருக்கும் தாய்மார்களே, மாணவச் செல்வங்களே, எல்லாருக்கும் வணக்கமுங்க. பொன்னாடைக்கு நன்றி. யாரையாவது விட்டிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். வரவேற்புரை சொன்னவர் ஒருவரையும் விடவில்லை, அதனால் குறையில்லை.

கொடுத்திருக்கும் தலைப்பு, நகர்ப்புறப் பள்ளிகளில் கல்வி தரும் தன்னம்பிக்கை. மாணவர், ஆசிரியர், பெற்றோர் என்று மூன்று பேரைப் பற்றியும் பேசுகிறேன். அதற்கு முன்னால் ஒரு பழமொழி: சித்திரமும் கைப்பழக்கம், செந்தமிழும் நாப்பழக்கம். எந்த மேடை கிடைத்தாலும் இதைச் சொல்லாமல் இறங்க மாட்டேன் என்பது இங்கே பலருக்குத் தெரியும்.

"உன்னால் முடியும்" என்று முதுகில் தட்டிவிட்டால் தன்னம்பிக்கை வந்துவிடாது. உளவியலாளர் ஆல்பர்ட் பண்டுரா 1977இல் அதற்கு நான்கு ஊற்றுகளைச் சொன்னார். தானே ஒன்றைச் செய்து முடித்த அனுபவம் முதலாவது; வலுவானதும் அதுதான். தன்னைப் போன்ற ஒருவர் செய்வதைக் கண்ணால் பார்ப்பது இரண்டாவது. தட்டிக்கொடுப்பது மூன்றாவதாகத்தான் வருகிறது. நாம் அந்த மூன்றாவதை மட்டும் வைத்து ஆண்டு விழா நடத்திவிடுகிறோம்! நான்காவதற்கு நேரம் இருந்தால் வருகிறேன்.

அவினாசி ரோட்டுப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் நடந்ததாக ஆசிரியர்கள் சொல்லிச் சொல்லிச் சிரிக்கும் சங்கதி ஒன்று. ஐந்தாம் வகுப்புப் பையன். எழுந்து வாசி என்றால் புத்தகத்தை முகத்துக்கு நேராகத் தூக்கிக்கொள்வான். பின்னால் ஆள் இருப்பதே தெரியாது. இடைவேளை மணி அடித்துவிட்டால் வேறு ஆள். மாடிப்படிக் கம்பியில் தொங்கிக்கொண்டு, "புஷ்பா தியேட்டர், குமார் நகர், காந்தி நகர், அனுப்பர்பாளையம், பூண்டி, அவினாசியேய்! உள்ள போங்க, உள்ள போங்க, படியில நிக்காதீங்க!" பள்ளிக்கூடமே அதிரும். ஒரு நாள் டீச்சர் காதில் விழுந்தது. அவர் பிரம்பைத் தேடவில்லை. பழைய காலண்டர் அட்டையை வெட்டி, அட்டைக்கு ஒரு ஊராக எழுதி, "கண்டக்டர் சார், போர்டு மாட்டுங்க" என்று கையில் கொடுத்தார். ஊர்ப்பெயர் ஏற்கெனவே நாக்கில் இருந்தது. எழுத்து அதோடு வந்து ஒட்டிக்கொண்டது. அடுத்த வாரம் அட்டைகளைக் கலைத்துக் கொடுத்தார், மனப்பாடம் செல்லுபடி ஆகாது. அப்புறம் ஊருக்கு ஒரு வரி: 'அனுப்பர்பாளையத்தில் பாத்திரம் செய்கிறார்கள்.' அப்புறம் பாடப் புத்தகம். ஆய்வுக்கு வந்த அலுவலர் அவனையே எழுப்பினாராம். பத்தி முழுவதையும் கண்டக்டர் ராகத்திலேயே வாசித்து, கடைசி வரியில் "ரைட்!" என்றானாம். அலுவலரும் விடவில்லை, "அடுத்த ஸ்டாப் எது தம்பி?" பையன் பக்கத்தைத் திருப்பிக் காட்டினானாம். கை தட்டுங்கள், அந்த டீச்சருக்குத்தான். செந்தமிழும் நாப்பழக்கம்!

இப்படித் தினம் வாய்விட்டு வாசிக்க வைக்கும் செய்முறை எளிது, கெட்டுப்போகும் இடங்கள்தான் அதிகம். 60 முதல் 80 சொல் கொண்ட ஒரு பத்தி போதும். முதலில் ஆசிரியர் வாசிக்க, பிள்ளைகளின் விரல் வரியோடு நகர வேண்டும். பிறகு எல்லாரும் சேர்ந்து, ஒரே ஒரு முறை. கூட்டுக் குரலில் நாலு பேர் வாசிப்பார்கள், மற்றவர்கள் வாயசைப்பார்கள். அதோடு நின்றுவிட்டால் பயனில்லை. அப்புறம் இருவர் இருவராக: ஒருவர் வாசிக்க, மற்றவர் விரல் வைத்துக் கேட்க, பிறகு மாற்றி. இதற்கு மட்டும் 10 நிமிடம் வேண்டும். பிள்ளை தடுமாறினால் உடனே எடுத்துக்கொடுக்காமல் மனதுக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். பிழையை வரி முடிந்த பிறகு திருத்துங்கள். நடுவில் வெட்டினால் ஒவ்வொரு சொல்லுக்கும் உங்கள் முகத்தைப் பார்க்கப் பழகிவிடும். கண் கூரையில் இருக்க வாய் மட்டும் ஓடினால் அது மனப்பாடம். கடைசி வரியிலிருந்து வாசிக்கச் சொன்னால் குட்டு வெளிப்பட்டுவிடும். 'கெ', 'கே', 'கொ', 'கோ' வரும் இடங்களில் பிள்ளைகள் அதிகம் இடறுவார்கள். பின்னால் ஒலிக்கும் உயிரின் கொம்பு மெய்க்கு முன்னாலேயே நிற்கிறதே!

பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளுக்குச் சிக்கல் வேறு. அவர்கள் எழுத்தில் வல்லொலிக்கு ஓர் எழுத்து, மெல்லிய ஒலிக்கு வேறோர் எழுத்து. நமக்கோ 'கடல்', 'தங்கம்', 'அகம்' மூன்றிலும் ஒரே ககரம், மூன்று ஒலி. சொல்லின் முதலில் எப்படி, மெல்லினத்துக்குப் பின் எப்படி என்று காட்டிக்கொடுக்காமல் தப்பு, தப்பு என்றால் அந்தப் பிள்ளை வாயை மூடிக்கொள்ளும். நம் பிள்ளை "போனனுங்க" என்றால் அதையும் திருத்த வேண்டாம். பேச்சு பேச்சாக இருக்கட்டும். வாசிப்பு மட்டும் அச்சில் உள்ளபடி.

ஆசிரியருக்கு வருகிறேன். அமெரிக்காவில் மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் வகுப்பறை ஒலிப்பதிவுகளைக் கேட்டு ஆராய்ந்து 1970களில் எழுதினார். கேள்வி கேட்ட ஆசிரியர்கள் பதிலுக்குக் காத்திருந்தது ஏறத்தாழ ஒரு நொடி. மூன்று நொடி காத்திருக்கப் பழகியதும் பதில்கள் நீண்டன, பதிலே வராத இடங்கள் குறைந்தன. இதைப் பள்ளிக்குள்ளேயே பழகலாம். ஒருவர் வகுப்பில் இன்னொருவர் கடைசி பெஞ்சில் 10 நிமிடம் உட்கார்ந்து, காத்திருந்த நொடிகளை மட்டும் குறித்துத் தாளை அவரிடமே கொடுத்துவிட வேண்டும். கரும்பலகைக் கையெழுத்து, சத்தம், சீருடை என்று எல்லாவற்றையும் எழுதினால் அது ஆய்வு. அடுத்த முறை கதவு சாத்தியிருக்கும். மூத்தவர் வகுப்பிலும் இளையவர் உட்கார வேண்டும், அது முக்கியம். எமிஸ் என்ற பள்ளித் தகவல் இணையதளப் பதிவேற்றத்துக்குக் காலை நேரத்தைக் கேட்காதீர்கள் என்று அலுவலர் ஐயாவை மேடையிலேயே வேண்டுகிறேன். சிரிக்கிறார், ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொள்கிறேன்.

மூன்றாவது பெற்றோர். 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் பள்ளி மேலாண்மைக் குழுவில் நாலில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் என்கிறது. பகல் மூன்று மணிக்குக் கூட்டம் போட்டால் பனியன் கம்பெனியில் துணி சரிபார்க்கும் செக்கிங்கில் நிற்கும் தாய் எப்படி வருவார்? இதைத் தனியாக ஒரு மணி நேரம் பேச வேண்டும். தலைவர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டார், நான் வந்த வேலையைச் சொல்லிவிடுகிறேன்.

மாநகராட்சிப் பள்ளி ஒவ்வொன்றிலும் காலை வணக்கம் முடிந்ததும் தினம் 20 நிமிடம் வாய்விட்டு வாசிக்க வேண்டும். வாரத்துக்கு 100 நிமிடம். தேர்வு வந்தால் கணக்குப் பாடம் பிடுங்கிக்கொள்ளாதபடி கால அட்டவணையில் அதை அச்சிட வேண்டும். பிள்ளைகள் அச்சமின்றித் தம் கருத்தைச் சொல்ல உதவ வேண்டும் என்று அதே சட்டத்தின் 29ஆம் பிரிவு சொல்கிறது. நாங்கள் புதிதாக எதையும் கேட்கவில்லை. மாமன்ற உறுப்பினர் ஐயா அடுத்த கூட்டத்தில் இதை எழுப்ப வேண்டும். செந்தமிழும் நாப்பழக்கம் என்று அங்கேயும் ஒரு தடவை சொல்லிவிடுங்கள், ஐயா.

மனுத் தாள் வாசல் மேசையில் இருக்கிறது. பெயர், வார்டு எண், கையெழுத்து மட்டும் போதும். வாசிக்கத் தயங்குபவர்களுக்கு எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் மனுவை வாய்விட்டு வாசித்துக் காட்டுவார்கள். முழுக்கக் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். நன்றி, வணக்கம்.