பாட்டியின் கண்ணும் மதுரையில் இரண்டு மாதமும்

வணக்கம் நேயர்களே. மருத்துவத் துறைக்கு எப்படி வந்தீர்கள் என்று பள்ளிப் பிள்ளைகள் என்னைக் கேட்பதுண்டு. தொண்டு செய்ய மதுரைக்குப் போனேன், அங்கே என் வேலை எது என்று தெரிந்தது என்பேன். ஆனால் கதை மொரிசியஸ் தீவில், ரோஸ் ஹில்லில், எங்கள் வீட்டு வாசலில் தொடங்குகிறது.

என் பாட்டிக்குச் சர்க்கரை நோய். நம் தீவின் பேச்சுமொழியான கிரியோலில் "திசிக்", அதாவது சர்க்கரை, என்று சொல்லிக்கொண்டே மாத்திரையை விழுங்குவார். எனக்குப் பதினான்கு வயதானபோது பார்வை முழுக்கப் போய்விட்டது. வயதானால் கண் போகத்தானே செய்யும் என்று வீட்டில் எல்லோரும் இருந்துவிட்டோம். காவடித் திருநாளில் பாட்டியின் கையைப் பிடித்துக் கோயிலுக்கு அழைத்துப் போவது என் பொறுப்பு. எந்தக் காவடியில் என்ன பூ, என்ன நிறம் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே போவேன்.

பிறகு மோக்காவில் மகாத்மா காந்தி நிறுவனத்தில் தமிழ் படித்தேன். அப்போது அதே மோக்காவில்தான் அரசுக் கண் மருத்துவமனை இருந்தது. அதற்குச் சுப்பிரமணிய பாரதியின் பெயர். நம் தீவில் ஒரு கண் மருத்துவமனை தமிழ்க் கவிஞரின் பெயரைத் தாங்கி நிற்கிறதே என்று அன்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

இருபது வயதில் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்குத் தன்னார்வலராகப் போனேன். டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி அரசுப் பணியில் ஓய்வுபெற்ற பிறகு, 1976இல், 11 படுக்கைகளோடு தொடங்கியது அது. மூட்டுவாதத்தால் விரல்கள் கோணிப்போன மனிதர். அந்த விரல்களாலேயே கண் அறுவை பழகியவர். அங்கே பணம் கட்ட முடிந்தவர் கட்டுகிறார், முடியாதவருக்கு இலவசம். கிராமத்தில் முகாம் போட்டு, கண்புரை உள்ளவர்களைப் பேருந்தில் அழைத்து வந்து, அறுவை செய்து, சாப்பாடும் போட்டு ஊரில் கொண்டுபோய் விடுகிறார்கள்.

என்ன செய்யத் தெரியும் என்று கேட்டார்கள். தமிழ் தெரியும் என்றேன். ஆலோசனை சொல்லும் பெண்ணின் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். நோயாளியின் கண்ணருகே என்னை விடவில்லை, அதுதான் முறை. வெளிநாட்டிலிருந்து வந்தவர் என்பதற்காகப் பயிற்சி இல்லாதவரை ஊசி போடவும் தையல் போடவும் விடுகிற இடம் எங்காவது இருந்தால், பிள்ளைகளே, அங்கே போகாதீர்கள்.

என் தமிழ் பாடப்புத்தகத் தமிழ். "கண்ணு மசமசன்னு இருக்கு தாயி" என்று ஒரு பெரியவர் சொன்னபோது விழித்தேன். பக்கத்தில் இருந்த பெண் கிராமத்துப் பெண், என்னைவிட இளையவர். "புரை முத்திப்போச்சுங்க ஐயா" என்று தொடங்கி, உள்ளே வைக்கப்போகும் லென்ஸைக் கையில் காட்டி விளக்கினார். அறுவைக்குப் பெரியவர் தயங்கியது பயத்தால் அல்ல. வீட்டில் ஆட்டை யார் பார்த்துக்கொள்வது என்ற கவலை. ஐந்து நிமிடத்தில் அதைப் பேச்சுக் கொடுத்தே வெளியே கொண்டுவந்துவிட்டார் அந்தப் பெண். டாக்டராக முடியாவிட்டால் மருத்துவத்தில் எனக்கு இடமில்லை என்று அதுவரை நினைத்திருந்தேன். அன்று அந்த மேசையை விட்டு எழுந்து வர மனமில்லை.

இரண்டாம் மாதம் விழித்திரைப் பிரிவு. மனைவிக்குத் துணையாக வந்த ஒருவருக்கும் சர்க்கரை இருந்தது. சொட்டு மருந்து விட்டு, காத்திருக்கச் சொல்லி, கண்ணின் உள்ளே படம் எடுத்தார்கள். திரையில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு வட்டம், அதில் சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகள். "எனக்குக் கண்ணு நல்லாத்தானே தெரியுது?" என்றார் அவர். "இப்ப தெரியுது. அதனாலதான் இப்பவே பார்க்கிறோம்" என்றார்கள்.

சர்க்கரை கூடிக்கொண்டே போனால் விழித்திரையின் மெல்லிய ரத்தக் குழாய்கள் நைந்து கசியும். வலி இருக்காது, வெகுநாள் பார்வையும் குறையாது. குறையும்போது பல நேரம் காலம் கடந்திருக்கும். உரிய நேரத்தில் லேசர் செய்தால் பெரும்பாலும் பார்வையைக் காப்பாற்றலாம். இதைக் கேட்டபடியே வெளியே வந்து வராந்தாவில் உட்கார்ந்துவிட்டேன். பாட்டிக்கு வந்தது வயது அல்ல. யாரும் ஒரு படம் எடுத்துப் பார்க்கவில்லை.

நம் மொரிசியஸில் வயது வந்தவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு நீரிழிவு இருக்கிறது. திரும்பி வந்ததும் செவிலியர் பயிற்சிக்கு விண்ணப்பித்தேன். இன்று நீரிழிவுப் பிரிவில் வேலை செய்கிறேன். உட்கார வைத்துக் கேட்பதும் விளக்குவதும்தான் என் நாளில் பாதி. சிலரிடம் கிரியோல், சிலரிடம் போஜ்புரி கொஞ்சம். வயதான சில அம்மாக்களிடம் தமிழ். அந்தத் தமிழ் மதுரையில் பழகியது.

தொண்டுக்குப் போக நினைக்கும் பிள்ளைகளுக்கு ஒன்று: இரண்டு வாரம் போதாது. முதல் இரண்டு வாரம் வழி தெரியாமலே போய்விடும். மாதக் கணக்கில் இருங்கள். டாக்டரை மட்டும் பார்க்காமல் கண்ணாடி அளவு பார்ப்பவர், படம் எடுப்பவர், கோப்பு வைத்திருப்பவர் எல்லோரோடும் உட்கார்ந்து பாருங்கள்.

மதுரையிலிருந்து வந்த வாரமே அம்மாவைக் கண் பரிசோதனைக்கு அழைத்துப் போனேன். அவருக்கும் சர்க்கரை உண்டு. வேண்டாம், நன்றாகத் தெரிகிறது என்றுதான் சொன்னார். படத்தில் இரண்டு மூன்று சிவப்புப் புள்ளிகள். லேசர் தேவைப்படவில்லை. சர்க்கரையும் ரத்த அழுத்தமும் கட்டுக்குள் வந்தன. ஆண்டுதோறும் படம் எடுக்கிறோம். சென்ற காவடிக்கும் ஊசியில் நூல் கோத்து மாலை கட்டியது அம்மாதான். அடுத்த படம் மார்ச்சில். வணக்கம்.