விழப்போற பால் பல்லு மேல எதுக்குங்க கேப் மாட்டணும்?

[திரையில்: மூணு வயசுக் குழந்தையின் வாய். மேல்முன்பற்கள் நாலும் ஈறோரம் பழுப்பு, கீழ்ப்பற்கள் பளிச்]

மேல நாலும் அரிச்சிருக்கு, கீழ ஒண்ணுமே ஆகல, பாத்தீங்களா? பாட்டிலோட தூங்குற பிள்ளைக்கு நாக்கு கீழ்ப்பல்லை மூடிக்கும். பால் மேல்பல்லுல தங்கிடும். தூக்கத்துல எச்சிலும் கம்மி. இதுல பால்ல சர்க்கரை வேற!

"பால் பல்லுதானே, விழுந்துடும்"னு வீட்டுல சொல்வாங்க. விழும்தான். ஆனா மேல் நடுப்பல் விழ 6, 7 வயசாகும். அதுவரைக்கும் கடிக்க வேணாமா? 'வடை'ன்னு சொல்லிப் பாருங்க, மேல்பல் கீழுதட்டை உரசும். பேச்சுக்கும் பல் வேணும். அதான் அரிச்ச பல்லை மூடிக் கேப் போடறோம்.

[திரையில்: இடுக்கியில் கண்ணாடி மாதிரி ஒரு மெல்லிய உறை]

இது ஸ்ட்ரிப் கிரவுன். பேருதான் கிரவுன், அதாவது கேப். உண்மையில இது வெறும் அச்சு. சொத்தையை எடுத்து, பல்லைச் சுத்திக் கொஞ்சம் சீவிடுவோம். உறையோட மூலையில ஊசியால ஒரு ஓட்டை. காத்து வெளிய போகலேன்னா உள்ள குமிழி நின்னுடும். பல்லை அடைக்கிற பல் நிறப் பசையை, அதாவது காம்போசிட்டை, உள்ள நிரப்பி, பல்லு மேல அழுத்தி, பிதுங்கினதை வழிச்சுட்டு நீல வெளிச்சம் காட்டினா இறுகிடும். அப்புறம் உறையை உரிச்சுத் தூரப் போட்டுடுவோம்.

சிக்கல் எங்கேன்னா, எச்சிலோ ஈறு ரத்தமோ பட்டா காம்போசிட் சரியா ஒட்டாது. அழுது திமிர்ற பிள்ளை வாயில இதைச் செஞ்சு பாத்தவங்களுக்குத்தான் தெரியும்! ஒட்டறதுக்குப் பல்லும் போதுமான அளவு மிஞ்சியிருக்கணும்.

[திரையில்: வெள்ளை ஜிர்கோனியா கேப்]

ஜிர்கோனியாங்கறது ஒரு வகைப் பீங்கான். இந்தக் கேப் ரெடிமேட். உறுதியானது, நிறம் மாறாது, விலை கூட. வளைக்க முடியாதுங்கறதால கேப்புக்குத் தக்கபடி பல்லைத்தான் சீவணும். செருப்புக்குக் காலை வெட்டற கதைதான். அழுத்தித் திணிச்சா விரிசல் விட்டுடும். லேசா உக்காரணும், அப்புறம் சிமெண்ட்.

என்னைக் கேட்டா, பல் நல்லா மிஞ்சியிருந்து ஈறும் ஆரோக்கியமா இருந்தா ஸ்ட்ரிப்பே போதும். ஓரம் உடைஞ்சா ஒட்டுப் போட்டுக்கலாம். ஜிர்கோனியா உடைஞ்சா முழுசா மாத்தணும். ஆனா ரொம்ப அரிச்ச பல்லுக்கு ஜிர்கோனியாதான்.

சொத்தை நரம்பு வரைக்கும் போயிருந்தா, முதல்ல நரம்பு சிகிச்சை. எதைப் போட்டாலும் ராத்திரி பாட்டில் தொடர்ந்தா கேப்போட விளிம்புல மறுபடி அரிக்கும்.

"கேப் போட்டா புதுப் பல் எப்படி வரும்?"னு கேக்காத அம்மா இல்லை. பால் பல்லோட வேர் தானா கரையும், பல் ஆடும். விழுந்த பல்லைப் பிள்ளை உள்ளங்கையில வெச்சு உங்ககிட்ட நீட்டும்போது, கேப்பும் அது மேலேயே இருக்கும்.