ஆவாரை பூத்துவிட்டது!

வணக்கம் மக்களே! காலை 6:30க்கே கேமராவைத் தூக்கிக்கொண்டு தோட்டத்துக்கு வந்துவிட்டேன். இதோ, இந்த மஞ்சளைப் பாருங்கள். விதை போட்டு வளர்த்த ஆவாரை, முதல் பூ! நாளை மறுநாள் காப்புக்கட்டு, பொங்கலுக்கு முன்னால் ஆவாரை, வேப்பிலை, பூளைப்பூ சேர்த்து வீட்டில் கட்டுவோமே, அதுதான். வருஷா வருஷம் சந்தையில் கட்டு 30 ரூபாய் கொடுத்து வாங்குவேன். இந்தப் பொங்கலுக்கு வீட்டுப் பூதான்.

ஒன்றரை வருஷம் முன்னால், ஆடிப்பட்டத்தில், விதை பாக்கெட் பிரித்த வீடியோ ஞாபகம் இருக்கிறதா? 20 விதை 120 ரூபாய், கூரியர் 60. விதைக்கு 9 ரூபாய்! ரோட்டோரம் சும்மா உதிர்ந்து கிடக்கிற விதைக்கு! ஒன்றுகூட முளைக்கவில்லை. விதையில் குறையில்லை. தோல் அவ்வளவு கெட்டி, தண்ணீரே உள்ளே இறங்காது. அந்த ஒரு வரியைப் பாக்கெட்டில் அச்சடித்திருக்கலாமே! எனக்கு இன்னும் ஆறவில்லை.

அப்புறம் புறவழிச்சாலை ஓரச் செடியில் காய்ந்த காயாகப் பறித்து வந்தேன். தட்டையாக, பழுப்பாக, காகிதம் மாதிரி சரசரக்கும். ஹார்டுவேர் கடையில் 15 ரூபாய்க்கு ஓர் உப்புத்தாள். மடித்து, நடுவில் விதையை வைத்துத் தேய்த்தேன். பளபளப்பு போய் மங்கினால் போதும். ராத்திரி முழுக்க ஊறியது. காலையில் உப்பி, இரண்டு மடங்கு பெரிதாக இருந்தது. உப்பாத நாலைந்தை மறுபடி தேய்த்து ஊறப்போட்டேன். 20க்கு 16 முளைத்தது. பதினாறு!

ஐயோ, முக்கியமானதை விட்டுவிட்டேன். நாற்றுத் தட்டில் போடாதீர்கள். ஆணிவேர் ஆழமாக ஓடும், பிடுங்கி நட்டால் வாடிவிடும். நேராகத் தரையில், அரை அங்குல ஆழத்தில் போடுங்கள். தண்ணீர் தேங்கவே கூடாது. உப்பிய விதையை அன்றைக்கே விதைத்துவிடுங்கள்.

பெட்டூனியாப் பூச்செடி எனக்கு ஏன் பிடிக்காது என்று கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். நம் வெயில் ஏறினால் சுருண்டுவிடும், அதனால்தான். இந்த ஆவாரை போன சித்திரையில், தண்ணீரே ஊற்றாமல் நின்ற செடி.

இருங்கள், கருவண்டு வந்திருக்கிறது. பேசாமல் கேளுங்கள்... சத்தம் மாறுகிறது பாருங்கள். ஆவாரம்பூவில் தேன் கிடையாது, மகரந்தம்தான். அதுவும் மகரந்தப்பையின் நுனியில் இருக்கிற சின்னத் துளை வழியாகத்தான் வெளியே வரும். அதனால் வண்டு பூவைக் கட்டிப்பிடித்து உடம்பை அதிரவைத்து உதிர்க்கிறது. அதன் வயிற்றில் மஞ்சள் பொடி ஒட்டியிருப்பது தெரிகிறதா? என்ன அழகு!

சரி, ஆவாரை ஆயிற்று, வேப்பிலை வாசலிலேயே இருக்கிறது. பூளைப்பூவுக்குத்தான் மத்தியானம் ஏரிக்கரைப் பக்கம் போக வேண்டும். அங்கேயே விதையும் எடுத்து வருகிறேன்.