வவுனியாவில ரூம் எடுக்கப் போறீங்களோ? வாடகைக்கு முதல் கரண்ட் மீற்றரைப் பாருங்கோ

வணக்கம் எல்லாருக்கும். சத்தம் கொஞ்சம் எதிரொலிக்கும், ரூமுக்குள்ள இன்னும் சாமான் ஒண்டும் அடுக்கேல்ல, பொறுத்துக்கொள்ளுங்கோ. ஓம், வவுனியாவுக்கு வந்திட்டன், இஞ்சத்தைப் பல்கலைக்கழகத்தில ரெண்டு வருச மேல்படிப்புக்கு. இது குருமன்காடு. ஒரு வீட்டோட ஒட்டின அறை, தனி வாசல், ஒரு மேசை போட்டுச் சமைக்கிற அளவுக்கு இடம், பின்னுக்கு பாத்ரூம். ரூமைச் சுத்திக் காட்டுற வீடியோ தனியா வரும், இப்ப கேக்காதேங்கோ. முதல் ஒரு விசயம் கதைக்கவேணும். கதைக்காட்டி எனக்கு நித்திரை வராது.

யூனிற்றுக்கு 80 ரூபா.

கரண்டுக்குத்தான் சொல்லுறன். யூனிற்றுக்கு 80 ரூபா கேட்டவர் ஒருத்தர்!

போன வீடியோ பாத்த ஆக்களுக்குத் தெரியும், முத்தத்தில மாமரம் நிக்கிற வீடு ஒண்டு பாத்து எனக்கு நல்லாப் பிடிச்சிருந்தது. "அந்த வீட்டையே எடுங்கோ அக்கா" எண்டு நிறையப் பேர் எழுதியிருந்தீங்கள். அந்த வீடு இல்லை இது. அது மாசம் 9,000, இது 10,000. அம்மா போனில "ஆயிரம் ரூபா குறைய வாறதை விட்டிட்டு ஏன் பிள்ளை இதை எடுக்கிறாய்?" எண்டு கேட்டவ. அம்மாவுக்குச் சொன்ன கணக்கைத்தான் உங்களுக்கும் சொல்லப்போறன். கொப்பி இருக்கு, பாருங்கோ, என்ர பச்சைக் கொப்பி. வந்தாறுமூலையில, கிழக்குப் பல்கலைக்கழகத்தில படிக்கேக்க வாங்கினது, இன்னும் பக்கம் முடியேல்ல.

அந்த வீட்டில எல்லாம் கதைச்சு முடிச்சு, வெளிக்கிடுற நேரத்தில அந்த ஐயா சொல்லுறார், "கரண்டுக்குத் தனியாச் சின்ன மீற்றர் போட்டிருக்கு, யூனிற்றுக்கு 80 தாங்கோ" எண்டு. சப் மீற்றர் எண்டா தெரியும்தானே? மின்சார சபையின்ர மீற்றர் வீட்டுக்கு ஒண்டுதான். அதுக்குள்ளால எங்கட அறைக்கு ஒரு குட்டி மீற்றர் பூட்டி, நாங்கள் எவ்வளவு பாவிக்கிறம் எண்டு பாக்கிறது. மீற்றர் பூட்டினது பிழையில்லை, நல்ல விசயம்தான். ஆனா 80 எண்ட விலை எங்கயிருந்து வந்தது? "ஐயா, பில்லை ஒருக்காப் பாக்கலாமோ?" எண்டு மரியாதையாத்தான் கேட்டனான். "இஞ்ச எல்லாரும் அப்பிடித்தான் பிள்ளை எடுக்கினம்" எண்டார். பில் காட்டேல்ல. பில் காட்டாத வீட்டில நான் இருக்கமாட்டன். இது என்ர முடிவு, இதில மாத்தமில்லை.

சரி, இப்ப கணக்கு. வீட்டுப் பாவனைக் கரண்ட் படிப்படியாத்தான் விலை ஏறும். 30 நாளுக்கு 60 யூனிற்றுக்குள்ள நிண்டா குறைஞ்ச கட்டணம். 61 ஆச்சுதெண்டா அந்தச் சலுகை முழுக்கப் போயிடும், முதலாவது யூனிற்றில இருந்தே மற்றக் கணக்கு. அதுக்குப் பிறகு 90, 120, 180 எண்டு ஒவ்வொரு படியிலயும் கூடிக்கொண்டு போகும். நிலையான கட்டணம் எண்டு ஒண்டு இருக்குதே, அதுவும் படியோட சேர்ந்து ஏறும். கட்டணத்தை அடிக்கடி மாத்துறபடியா நான் ரூபாக்கணக்குச் சொல்லேல்ல, கடைசியா வந்த பில்லில அச்சடிச்சிருக்கிறதைப் பாருங்கோ.

இப்ப நான் தனியாள் எவ்வளவு எரிப்பன்? ஆயிரம் வாட்ஸ் சாமான் ஒரு மணித்தியாலம் ஓடினா ஒரு யூனிற். சாதாரண சீலிங் ஃபான் 75 வாட்ஸ். ராத்திரி பத்து மணித்தியாலம் போட்டா முக்கால் யூனிற், மாசத்துக்கு 22 சொச்சம். லப்டொப் 60 வாட்ஸ் எண்டு வையுங்கோ, எட்டு மணித்தியாலம், மாசம் 14, 15. ரைஸ் குக்கர் 500 வாட்ஸ், அரை மணித்தியாலத்தில சோறு அவிஞ்சிடும், மாசம் 7, 8. லைற் ஒண்டு 9 வாட்ஸ், அது ஒரு கணக்கேயில்லை. எல்லாம் கூட்டினா 45க்குக் கிட்ட. எனக்கெண்டு தனி மின்சார சபை மீற்றர் இருந்திருந்தா நான் 60க்குள்ளயே நிப்பன்!

80 ரூபாப்படி அந்த 45 யூனிற்றுக்கு 3,600. வாடகையோட 12,600. விளங்குதோ? 9,000 ரூபா வீடு 12,600 ஆகுது. அதுவும் சோளகக் காத்து இன்னும் முழுக்க ஓயாத இந்த நாளில. பங்குனி சித்திரையில வவுனியா வெக்கைக்கு ஃபான் பகலும் ஓடும். பகல் ராத்திரி எண்டு ஓடினா ஃபான் மட்டும் 54 யூனிற். அதை 80ஆல பெருக்கிப் பாருங்கோ, எனக்குப் பெருக்கவே விருப்பமில்லை.

இந்த வீட்டு அன்ரி ரிட்டயர் பண்ணின ரீச்சர். கணக்கு ரீச்சர் இல்லை, சமயம் படிப்பிச்சவ, ஆனா கணக்கில என்னை விடக் கெட்டி. நான் கேக்க முதலே பில்லைக் கொண்டுவந்து மேசையில வைச்சா. எனக்கு அவவில அந்த இடத்திலயே விருப்பம் வந்திட்டுது. மொத்தப் பில்லை மொத்த யூனிற்றால பிரிச்சம், 28 ரூபா சொச்சம் வந்தது. "அன்ரி, அந்தச் சராசரியை என்ர யூனிற்றால பெருக்கித் தாறன்" எண்டன். அவ உடன ஓம் எண்டேல்ல. "பிள்ளை, நீ வராட்டி என்ர பில் 95 யூனிற்றோட நிக்கும். நீ வந்து 140 ஆனா, மேல் படிக்குப் போன காசு உன்னாலதானே?" எண்டு கேட்டா. நியாயமான கேள்வி. அதோட கிணத்து மோட்டரும் அவவின்ர பக்கத்தில ஓடுது, தண்ணி நானும்தான் பாவிக்கிறன். அதால சராசரிக்கு மேல மாசம் 300 ரூபா, மோட்டருக்கும் படி ஏறினதுக்கும் சேர்த்து. ரெண்டு பேருக்கும் சரி. கொப்பியில எழுதி ரெண்டு பேரும் கையெழுத்து வைச்சம்.

கூட்டிப் பாருங்கோ. 10,000 வாடகை, 45 யூனிற்றுக்கு 1,260, அதோட 300. மொத்தம் 11,560. அம்மா "ஆயிரம் கூட" எண்டு சொன்ன வீடு, உண்மையில ஆயிரம் குறைய. ரெண்டு வருசப் படிப்புக்கு இது எவ்வளவு எண்டு நீங்களே பாருங்கோ. எனக்கு இதில வந்த சந்தோசம், பட்டமளிப்பு விழாவில கூட வரேல்ல.

ஓ, ஒண்டு விட்டிட்டன். வாற அண்டைக்கே மீற்றரைப் போனில படம் எடுங்கோ, திகதி தெரியிற மாதிரி. உங்களுக்கு முதல் இருந்த ஆளின்ர யூனிற்றும் அதில கிடக்கும். சப் மீற்றர் சரியா ஓடுதோ எண்டும் பாருங்கோ. அறையில எல்லாத்தையும் நிப்பாட்டிப்போட்டுப் போய்ப் பாத்தா இலக்கம் அசையாமல் நிக்கவேணும். அசைஞ்சா வேற எங்கயோ ஒரு வயர் அதில மாட்டியிருக்கு.

"கம்பஸில ஹொஸ்டல் தராதோ, மகாபொல வராதோ" எண்டு கனபேர் கேட்டிருந்தீங்கள். மகாபொல எண்ட புலமைப்பரிசுக் காசு முதல் பட்டம் படிக்கிற ஆக்களுக்குத்தான். எனக்கு அப்ப மாசம் 5,000 வந்தது, அது முடிஞ்சுபோச்சு. எங்கட நாட்டில முதல் பட்டம் இலவசம், அதுக்கு மேல படிக்கிறதெண்டா கட்டணம் கட்டவேணும். ஹொஸ்டலும் கீழ் வருசப் பிள்ளையளுக்கே காணாது, அவையளுக்குக் குடுக்கிறதுதான் முறை. என்ர வருமானம் ஏ.எல் கெமிஸ்ற்றி ஒன்லைன் வகுப்பு, அதோட நீங்கள் பாக்கிற இந்தச் சனல். வீட்டில காசு கேக்கிறேல்ல எண்டு வைச்சிருக்கிறன். அப்பா தண்ணிமுறிப்புக் குளத்துக்குக் கீழ வயல் செய்யிறவர், காலபோகத்துக்கு உழவுக்கும் பசளைக்குமே அவருக்குக் காசு வேணும்.

பம்பைமடுவிலயே ரூம் எடுத்திருக்கலாமே எண்டும் கேப்பீங்கள். வவுனியாப் பல்கலைக்கழகம் அங்கதான், மன்னார் றோட்டில. 2021 ஆகஸ்ட் மாசம் தனிப் பல்கலைக்கழகமா வர முதல் யாழ்ப்பாணத்தின்ர வவுனியா வளாகம். அங்க வாடகை குறைவு, உண்மை. ஆனா எனக்குப் பின்னேர வகுப்புக்கு இன்டர்நெட் விடாமல் நிக்கவேணும், மரக்கறி, மருந்து எதுக்கும் டவுனுக்கு வரவேணும். குருமன்காடும் அதே மன்னார் றோட்டில கிடக்கு, காலமை மன்னார்ப் பக்கம் போற பஸ்ஸில ஏறினா பம்பைமடுவில இறங்கலாம். பின்னேரம் லாப்பில நேரம் போனா பஸ் குறைவு, அதுதான் ஒரு பிரச்சினை. பம்பைமடுவில இருந்து குருமன்காட்டுக்கு ராத்திரி ஓட்டோ என்ன எடுக்கினம் எண்டு தெரிஞ்ச ஆக்கள் எழுதுங்கோ.

சாமான் கொண்டுவந்த கதை இருக்கு, அது நல்ல கதை. ஊரில, முள்ளியவளையில இருந்து பட்டா எண்ட சின்ன லொறி ஒண்டு கேட்டா 14,000 சொல்லுறாங்கள். பாதிக்கு மேல வெறுமையா ஓடப்போற வாகனத்துக்கு! சிறுபோக நெல் ஏத்திக்கொண்டு வவுனியா மில்லுக்கு வாற லொறி ஒண்டு, அப்பாவின்ர சிநேகிதருடையது. நெடுங்கேணி, புளியங்குளத்தால வந்து ஏ 9இல ஏறுறது. மூட்டைக்கு மேல என்ர ரெண்டு பெட்டி, அடுப்பு, காஸ் சிலிண்டர், அரிசி. டீசலுக்கெண்டு 2,500 குடுத்தன், அவர் முதல் வாங்கேல்ல, சட்டைப் பொக்கற்றுக்குள்ள வைச்சுவிட்டன். மெத்தை மட்டும் ஏத்தேல்ல, நெல் மூட்டைத் தூசு பிடிச்சா பிறகு தும்மலோட படுக்கவேணும். அதால இப்ப பாய். பாயில படுக்கிறது எனக்கு விருப்பம், ஆனா சீமெந்து நிலம் விடியப்புறம் குளிருது.

காஸ் சிலிண்டர் எண்டு சொன்னன்தானே, வீட்டில வெறும் சிலிண்டர் ஒண்டு சும்மா கிடந்தா அதைக் கட்டாயம் கொண்டுவாங்கோ. புதுசா எடுக்கிறதெண்டா காஸுக்கு மேல சிலிண்டருக்கும் காசு. 12.5 கிலோ ஒராளுக்குத் தேவையில்லை, தூக்கவும் ஏலாது. நான் கொண்டுவந்தது 5 கிலோ. இன்னும் சின்னனா 2.3 கிலோவும் இருக்கு, ஆனா அது எப்ப முடியும் எண்டு பயந்துகொண்டு சமைக்கவேணும், எனக்கு அது சரிவராது.

அரிசி வீட்டு மொட்டைக்கறுப்பன். இதைச் சாப்பிட்ட வாய்க்குக் கடைச் சோத்துப் பார்சல் இறங்காது. காலமை பாணும் சம்பலும் எண்டு ஒவ்வொரு நாளும் ஓட்டுற பிள்ளையளும் இருக்கினம், எனக்குப் பாண் அறவே பிடிக்காது. ராத்திரிச் சோத்தில தண்ணி ஊத்தி வைச்சா காலமை பழஞ்சோறு, வெங்காயம், மோர் மிளகாய். காசும் மிச்சம், மத்தியானம் வரைக்கும் பசியாது. கனபேர் கேட்ட நந்திக்கடல் இறால் கருவாடும் அம்மா ஒரு போத்தல் நிறையத் தந்துவிட்டவ.

தண்ணி! தண்ணியைச் சொல்லாமல் விடப் பாத்தன். வவுனியாக் கிணத்துத் தண்ணி கடுந்தண்ணி. கேத்தலில ரெண்டு தரம் கொதிக்க வைச்சாலே அடியில வெள்ளையாப் பிடிக்குது. குளிக்கலாம், தோய்க்கலாம், சவுக்காரம் நுரைக்காது, அவ்வளவுதான். குடிக்கிறதுக்கு நான் வடிகட்டின தண்ணிதான் வாங்கிறன், 20 லீற்றர் கான் 100 ரூபா. இந்த மாவட்டத்தில சிறுநீரக வருத்தக்காரர் எவ்வளவு பேர் எண்டு இஞ்ச இருக்கிற ஆக்களுக்குத் தெரியும், இதில காசு மிச்சம் பிடிக்க நிக்காதேங்கோ. என்ர ஆராய்ச்சியும் கிணத்துத் தண்ணியைப் பற்றினதுதான். கையில மாதிரி எடுத்து அளந்த பிறகு இதைப் பற்றித் தனியா ஒரு வீடியோ போடுறன், இப்ப வாய்க்கு வந்ததைச் சொல்ல விருப்பமில்லை.

ஐயோ, அட்வான்ஸ் சொல்லவேயில்லை. மாமர வீட்டில ஆறு மாசம் கேட்டவை, இஞ்ச மூண்டு மாசம், 30,000. மாசாமாசம் வாடகையில கழிக்கிறதோ, போகேக்க முழுசாத் திருப்பித் தாறதோ எண்டு முதலே கேட்டு எழுதிப்போடுங்கோ. அன்ரி போகேக்க திருப்பித் தாறன் எண்டு எழுதித் தந்தவ, ஒரு மாசத்துக்கு முதல் நான் சொல்லவேணும். அதுவும் பச்சைக் கொப்பியில, கரண்ட் கணக்குக்கு அடுத்த பக்கம்.

சரி, அன்ரி தண்ணி மோட்டர் போடப்போறா, சத்தம் வரும், நிப்பாட்டுறன். வவுனியாவில ஒற்றைக் கட்டில் விக்கிற ஆக்கள் இருந்தா எழுதுங்கோ, மரமெண்டாலும் சரி, இரும்பெண்டாலும் சரி. 6,000க்கு மேல தரமாட்டன். குருமன்காட்டுக்குக் கிட்ட எண்டா நானே வந்து எடுப்பன்.