கையெழுத்து மாதிரி பொன்டை எங்கே போடலாம்?

அடுத்த கேள்வி நிலாவெளியில் இருந்து. ஒரு தங்கச்சி, கடற்கரைப் பக்கம் ஜூஸும் ரொட்டியும் விற்கிற சின்னக் கடை திறக்கப் போகிறாராம். "போர்டுக்கும் மெனுவுக்கும் கையால் எழுதினது மாதிரியான பொன்ட் போட ஆசை அண்ணா. அது விளையாட்டுத்தனமாகத் தெரியும் என்று எல்லாரும் சொல்கிறார்கள், போடலாமா?" என்று கேட்கிறார்.

போர்டுக்குத் தாராளமாகப் போடுங்கள். விலைப்பட்டியலுக்கு வேண்டாம்.

இந்த வகையில் எல்லாருக்கும் தெரிந்தது கொமிக் சான்ஸ். 1994இல் மைக்ரோசாஃப்டில் இருந்த வின்சென்ட் கொனேர் வரைந்தது. பொப் என்ற மென்பொருளில் ஒரு கார்ட்டூன் நாய் வந்து பேசும். அதன் பேச்சை டைம்ஸ் நியூ ரோமனில் போட்டிருந்தார்கள். நாயின் வாயில் பத்திரிகை எழுத்து ஒட்டவே இல்லை என்று பட்டதால், சித்திரக்கதைப் புத்தகங்களின் எழுத்தைப் பார்த்து இவர் புதிதாக வரைந்தார். பேசுகிற ஆளுக்குப் பொருந்திய குரல் வேண்டும், அவ்வளவுதான். பிறகு சனம் அதை அலுவலகக் கடிதத்திலும் அறிவித்தலிலும் போட, அந்த எழுத்துக்குக் கெட்ட பெயர் வந்தது. 2012இல் ஐரோப்பாவின் சேர்ன் இயற்பியல் ஆய்வுகூடத்தில் ஹிக்ஸ் என்ற நுண்துகளைக் கண்டுபிடித்தது பற்றிச் சொன்ன ஸ்லைடுகளிலும் அதுதான் இருந்தது. அவ்வளவு பெரிய கண்டுபிடிப்பை விட்டுவிட்டுப் பலர் பொன்டைப் பற்றிக் கதைத்தார்கள். என்னைக் கேட்டால், எழுத்தில் ஒரு குறையும் இல்லை, போட்ட இடம்தான் பிழை.

அதில் தமிழ் கிடையாது. தமிழுக்கு நம் இலங்கைக்காரர் தாரிக் அஸீஸ் வடிவமைத்த கவிவாணர் இருக்கிறது. கூகுள் ஃபொன்ட்ஸில் இலவசம், கடைக்கும் பயன்படுத்தலாம். லேசாகச் சாய்ந்து, ஆறுதலாக உட்கார்ந்து எழுதினது போல இருக்கும். எனக்கு மிகவும் பிடித்த எழுத்து.

இப்போது மெனுவுக்கு வாருங்கள். ணகரத்துக்கு மூன்று சுழி, னகரத்துக்கு இரண்டு. போர்டில் பெரிதாக இருக்கும்போது அழகாகத் தெரியும். அதையே சின்னதாக அச்சடித்தால் சுழிகள் அடைபட்டு, அன்னாசியில் இருப்பது எந்த ன என்று உற்றுப் பார்க்க வேண்டி வரும். ரகரமும் காலும் ஒன்று போலாகிவிடும். அதனால் 'ஜூஸ்', 'ரொட்டி' என்ற தலைப்புகளை மட்டும் கையெழுத்தில் போட்டு, பெயரையும் விலையையும் நிமிர்ந்த சாதாரண எழுத்தில் போடுங்கள். 'இங்கே கடலில் இறங்க வேண்டாம்' மாதிரி ஏதும் எழுதி வைப்பதென்றால், அதற்கும் இந்த நடை கூடவே கூடாது.

போர்டில் சிங்களமும் வரும் இல்லையா? கவிவாணரில் சிங்களம் இல்லை. தமிழ் மெல்லியதாகச் சாய்ந்திருக்க, பக்கத்தில் சிங்களம் தடித்து நிமிர்ந்து நின்றால் பார்க்க நன்றாக இராது. கோட்டின் தடிப்பு ஒத்த ஒரு சிங்களக் கையெழுத்து பொன்ட் தேடுங்கள். கிடைக்காவிட்டால், நன்றாக எழுதுகிற ஒருவரைப் பிடித்து கடைப் பெயரை மூன்று மொழியிலும் எழுதுவித்து ஸ்கேன் பண்ணுங்கள். அது இன்னும் விசேஷம்.

அப்புறம், பாமினி என்ற பழைய முறைத் தமிழ் பொன்டில் தட்டச்சு செய்த வாசகத்துக்குக் கவிவாணரைப் போட்டால் ஆங்கில எழுத்துகளாகக் கொட்டும். இப்போதைய பொது முறையான யூனிகோடில் அடித்துக் கொடுங்கள். அச்சுக்கு விடுவதற்கு முன் ஒரு மாதிரியை அசல் அளவில் எடுத்து, வீதிக்கு அந்தப் பக்கம் நின்று வாசித்துப் பாருங்கள்.